டைப் டீச்சரும் ஏற மறுத்த விண்டோஸும்

திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு எதிர் மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி வந்த ஞானப்பூவுக்கு அந்தச் சனிக்கிழமை விடிந்ததே சரியில்லை. மத்தியானத்துக்கு மேல் தம்பி யாக்கோபு காரியாபட்டியிலிருந்து வேன் கொண்டு வருகிறான். அவன் வந்து பார்க்கும்போது புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் ஓடினால் அவள் திருச்சுழியிலேயே இருந்துகொள்ளலாம். ஓடாவிட்டால் கட்டில், பீரோ, பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் வேனில் ஏற்றி, கடைசியில் அவளையும் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். சர்ச் பாதிரியாரான சபை ஐயர் முன்னிலையில் அக்காளும் தம்பியும் பேசி முடித்த பேச்சு இது. அந்தக் கம்ப்யூட்டரோ மேஜை மேல் இருட்டு முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லி வைத்த பெரியவர்கள் யாரும் புதுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏற்றிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அதையும் சேர்த்தே சொல்லியிருப்பார்கள்.

ஞானப்பூ பிறந்தது எம்.ரெட்டியபட்டியில். அப்பா பருத்திக் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். பிள்ளைகளில் மூத்தவளான அவளைப் பத்தாவது முடித்ததும் அருப்புக்கோட்டைக்கு டைப் படிக்க அனுப்பினார்கள். கல்யாணம் ஆகும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்றுதான் அனுப்பினார்கள். அவளோ லோயர் முடித்து, ஹையர் முடித்து, கல்யாணத்தை மட்டும் முடிக்காமல் இருந்துவிட்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். வேலைக்குப் போக வேண்டாம், வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும். எந்த வீட்டை என்று ஞானப்பூ திருப்பிக் கேட்டதாக ஒரு பேச்சு உண்டு. கேட்டிருக்கக்கூடியவள்தான்.

எண்பத்திரண்டில் திருச்சுழியில் இந்த மாடியைப் பிடித்தாள். முன் அறையில் பழைய டைப்ரைட்டர் நான்கு, பின் அறையில் கட்டிலும் ஸ்டவ்வும். தாலுகா ஆபீசுக்கு மனு அடிக்க வருகிறவர்களுக்கு மனு, பிள்ளைகளுக்குப் பாடம். விசைகளைப் பார்த்து அடிக்கிற பிள்ளையின் கை மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவாள். கண் வேறெங்கோ இருக்க விரல் தானாக இடம் தேடிப் போக வேண்டும். தப்பே இல்லாமல் பக்கம் முழுக்க அடித்துக் காட்டினால்தான் வீட்டுக்குப் போக முடியும். ஊரில் அவளுக்கு டைப் டீச்சர் என்றே பெயர். தாலுகா ஆபீசில் பாதிப் பேர் அவளிடம் துண்டு போட்டுக்கொண்டவர்கள்.

இதைக் கேட்டுவிட்டு அவளுக்கு டைப்ரைட்டர் மேல் உயிர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சனியன்கள் மேல் அவளுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விரல் மூட்டில் வலியும் சேலையில் மைக்கறையும் தவிர அவை என்ன கொடுத்தன? அவளுக்கு உயிர் அந்த மாடிக் கதவின் மேல். காலையில் தன் கையால் திறந்து, சாயங்காலம் தன் கையால் பூட்டி, சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்வாள். யாரையும் கேட்டுத் திறப்பதில்லை, யாருக்கும் சொல்லிவிட்டுப் பூட்டுவதில்லை. நாற்பது தாண்டிய பிறகும் அந்தச் சந்தோஷம் அவளுக்கு அலுக்கவில்லை.

தொண்ணூறு பிறந்து கொஞ்ச காலத்தில் காற்று திசை மாறியது. அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் போர்டுகள் முளைத்தன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் டைப் வகுப்பைத் தாண்டி நேரே பஸ் ஏறினார்கள். தொண்ணூற்றேழு ஜூனில் டைப் படிக்க ஒரு பிள்ளைகூடப் பெயர் கொடுக்கவில்லை. அப்போதுதான் யாக்கோபு வந்தான்.

யாக்கோபு கெட்டவன் இல்லை. அக்காள் என்றால் அவனுக்குப் பாசம்தான். அவன் பெண்டாட்டி ஜாய்ஸ் மதுரையில் நர்ஸ். விடியற்காலம் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். யாக்கோபு உரக்கடையை விட்டு நகர முடியாது. பிள்ளைகளைப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும். அக்காளுக்கோ தொழில் படுத்துவிட்டது. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துகிறதே என்று அவனுக்குத் தோன்றியது. பொருந்தத்தான் செய்தது, அக்காளைக் கேட்காமல் கூட்டிப் பார்த்தவரைக்கும்.

"நானும் கம்ப்யூட்டர் வாங்கிப் போடுதேன். பிள்ளைக வரும்" என்றாள் ஞானப்பூ.

"நாப்பத்தி நாலு வயசுல ஒனக்கு யாருக்கா அதச் சொல்லிக் குடுப்பா?"

"அருப்புக்கோட்டைல போய்ப் படிச்சுட்டுத்தான் இருக்கேன். நாலு மாசமாச்சு. ஒனக்குச் சொல்லல."

யாக்கோபு, தான் கூட்டி வந்திருந்த சபை ஐயரின் முகத்தைப் பார்த்தான். ஐயர் கூரையைப் பார்த்தார். கடைசியில் அவனே சொன்னான்: "சரி. சனிக்கிழமை வேன் கொண்டாரேன். அன்னைக்கு ஒன் பெட்டி ஓடிட்டா நீ இரு. ஓடலேன்னா பேசாம வண்டில ஏறிரணும்." ஞானப்பூ தலையை ஆட்டினாள். திங்கட்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பு ஆரம்பம் என்று அவள் ஏற்கெனவே பிள்ளைகளிடம் சொல்லியிருந்தாள். பஸ்ஸுக்கு அனுப்பப் பயந்த வீடுகளிலிருந்து ஆறேழு பெண்பிள்ளைகள் வருவதாகவும் சொல்லியிருந்தார்கள்.

பெட்டி உள்ளே விண்டோஸ் ஏற்றாமல் வெறுமையாக வந்ததற்கு அவளேதான் காரணம். அந்தப் பக்கத்து ஆட்கள் எதையும் கண் முன்னால் சோதித்துத்தான் வாங்குவார்கள். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். பருத்தி மூட்டைக்குள் தோள் வரை கையை விட்டு அடிப்பஞ்சை உருவிப் பார்ப்பார்கள். எடைபோடுகிறவர் மகள் ஞானப்பூவைச் சொல்லவா வேண்டும். போதாக்குறைக்கு ஒருமுறை பெயின்ட் அடித்த ஓட்டை டைப்ரைட்டரைப் புதுசு என்று நம்பி வாங்கி ஏமாந்தவள். அதனால் அருப்புக்கோட்டைக் கடைக்காரப் பையன் ரூபனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்: "உள்ள என்ன ஏத்துறதா இருந்தாலும் எங்க வீட்ல, என் கண்ணு முன்னால ஏத்தணும். ஏத்தினதைக் கொண்டாந்தா எடுக்க மாட்டேன்."

ரூபனுக்கு இது புதிதில்லை. எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை பெட்டிகளை பஸ்ஸில் போட்டு அனுப்பினான். விண்டோஸ் சிடி ஒன்று, முதலில் போட வேண்டிய ஃபிளாப்பி ஒன்று கூடவே வந்தன. சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு தான் வந்து ஏற்றித் தருவதாகச் சொன்னான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே பஸ்காரர்கள் ஸ்டிரைக் என்று வண்டிகளை ஓரம் கட்டிவிட்டார்கள். கடை முதலாளி சாமான் எடுக்க மதுரைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். ரூபன் கடையை விட்டு அசைய முடியாது. ஓடாத பஸ்ஸில் வரவும் முடியாது.

ஆகச் சனிக்கிழமை காலையில் ஞானப்பூ எதிர்ச்சாரியில் இருந்த மாரிக்கனியின் எஸ்.டி.டி. பூத்துக்கு இறங்கிப் போய் போன் போட்டாள். "தம்பி, நீ சொல்லு, நான் செய்யிறேன்" என்றாள்.

"போன்ல ஏத்துற வேலையா டீச்சர் இது? திங்கக்கிழமை வாரேனே."

"திங்கக்கிழமை நான் இங்க இருக்க மாட்டேன். சொல்லு."

பெட்டி மாடியில், போன் எதிர்ச்சாரியில். ரூபன் ஒன்று சொல்வான். அவள் பூத்தை விட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டி, படியேறிப் போய்ச் செய்து பார்த்து, திரையில் வந்ததை மனப்பாடம் பண்ணிக்கொண்டு திரும்பி வந்து ஒப்பிப்பாள். அவள் மனப்பாடத்தில் பிசகு வராது. முழங்கால்தான் முதல் நடையிலேயே முனகத் தொடங்கியது.

சுவிட்சைப் போட்டதும் பெட்டி பீப் பீப் என்று ஓயாமல் அலறியது, திரையில் ஒன்றும் வரவில்லை. இவ்வளவுக்கும் அப்போதுதான் முதல் நடை. "பஸ்ல ஆடி வந்ததுல ரேம் லூஸ் ஆயிருக்கும். மூடியக் கழட்டுங்க. பச்சைப் பட்டையா நிக்கும். ரெண்டு ஓரத்திலயும் பெருவிரலை வச்சு அமுக்குங்க" என்றான் ரூபன். திருப்புளியோடு அவள் படியேறினாள். திருகாணிக்கு அவள் பயந்தவள் இல்லை. ஆனால் அந்தப் பச்சைப் பட்டையை அமுக்கும்போது உள்ளே எதுவோ நொறுங்கின மாதிரிச் சத்தம் கேட்டது. உடைத்துவிட்டோம், எல்லாம் போச்சு என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பட்டை இடத்தில் உட்கார்ந்த சத்தம் அது. சுவிட்சைப் போட்டபோது அலறல் இல்லை. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

ஃபிளாப்பியைப் போட்டாள். அதுவும் கரகரத்துக்கொண்டு ஏறியது. ஹார்ட் டிஸ்கைச் சுத்தம் பண்ண ரூபன் சொன்ன கட்டளையை அடித்தபோது, உள்ளே இருக்கிற எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று பெட்டி கேட்டது. உள்ளே ஒன்றுமே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். சம்மதம் என்று தட்டினாள். இதுவரை எல்லாம் நல்லபடி. வெயில் ஏறி, தாலுகா ஆபீஸ் வேப்பமரத்து நிழல் சுருங்கியிருந்தது.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. விண்டோஸ் இருப்பது சிடியில். சிடியைப் படிக்கிற டிரைவ் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனால் அப்படி ஒன்று இருப்பது பெட்டிக்குத் தெரியாது, யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்கிற சின்ன புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். ரூபன் ஃபிளாப்பியில் பாதியை எழுதி வைத்திருந்தான். சிடி டிரைவுக்கு ஒரு பெயர் சூட்டி, இன்ன பெயரில் ஒரு கருவி உண்டு என்று அது பெட்டிக்கு அறிவித்துவிடும். மீதிப் பாதியை அவன் நேரில் வந்து அடிப்பதாக இருந்தான். அது ஒரே ஒரு வரி. அந்தப் பெயரை மறுபடி சொல்லி, அதை எடுத்து வேலைக்குப் போடு என்று சொல்கிற வரி. இரண்டு இடத்திலும் பெயர் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும்.

ரூபன் போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னான். எம், எஸ், சி, டி, சைபர், சைபர், ஒன்று. அதுதான் பெயர். ஞானப்பூ ஒருமுறை கேட்டால் போதும். மாடிக்குப் போய், விசைப்பலகையைக்கூடப் பார்க்காமல் கடகடவென்று அடித்து என்டரைத் தட்டினாள்.

அப்படி ஒரு பெயரில் கருவி எதுவும் இல்லை என்றது பெட்டி.

"தப்பா அடிச்சிருப்பீங்க டீச்சர்" என்றான் ரூபன், நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான். பதினைந்து வருஷமாகத் தப்பே இல்லாமல் அடிக்கச் சொல்லிக் கொடுத்தவளிடம் சொல்கிற வார்த்தையா அது?

"நானா?" என்றாள் ஞானப்பூ. அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை.

அவள் அடித்ததில் தப்பில்லை என்றால் பெட்டியில்தான் எங்கோ கோளாறு. ரூபன் அப்படித்தான் யோசித்தான். யோசிக்க அவனுக்கு வேறு வழியும் வைக்கவில்லை அவள். டிரைவுக்குப் போகிற பட்டை வயரைக் கழற்றி மாட்டச் சொன்னான். கழற்றி மாட்டினாள். கருவி இல்லை. டிரைவின் முதுகில் பொட்டு மாதிரி ஒரு கருப்புத் துண்டு இருக்கும், அதை ஒரு இடம் தள்ளிக் குத்தச் சொன்னான். புருவம் சீர் செய்கிற சாமணத்தால் பிடுங்கித் தள்ளிக் குத்தினாள். கருவி இல்லை. வேறு வயரில் மாட்டச் சொன்னான். இல்லை. ஒவ்வொரு தடவையும் பெட்டியை அணைத்து, ஃபிளாப்பியை முதலிலிருந்து ஓடவிட்டு, அந்த வரியை அடித்தாள். ஒவ்வொரு தடவையும் தப்பே இல்லாமல் அடித்தாள். நடுவில் கரண்ட் வேறு போய்விட்டு வந்தது. அதுவரை அவள் நாற்காலியில் உட்கார்ந்து பைபிள் சங்கீதம் சொல்லப் பார்த்தாள். கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார் என்பதற்கு மேல் நாக்கு வரவில்லை. காதெல்லாம் ரோட்டில் இருந்தது. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வேன்தான் என்று எழுந்து போய் எட்டிப் பார்த்தாள்.

கடைசியில் வேனே வந்தது. யாக்கோபு வேன் டிரைவரையும் அழைத்துக்கொண்டு மாடிக்கு வந்தான். மூடி கழன்று வயர் வெளியே தொங்குகிற பெட்டியைப் பார்த்தான். அக்காளின் சேலை முழுக்கத் தூசி, முகத்தில் வியர்வை.

"என்னக்கா, ஓடுதா?"

"இன்னும் பொழுது இருக்கு."

"இருக்கட்டும். நீ பாட்டுக்கு அதப் பாரு. நாங்க சாமானை எறக்கி வச்சுட்டு இருக்கோம். மழை கிழை வந்துருச்சுன்னா மெத்தை நனையும்."

வானத்தில் பேருக்கு ஒரு மேகம் கிடையாது. அந்தப் பக்கத்தில் ஜூன் மாசம் மழைக்குப் பயப்படுகிறவன் யாக்கோபு ஒருத்தன்தான். அவனும் டிரைவரும் பின் அறைக்குள் போனார்கள். ஞானப்பூ தடுக்கவில்லை. தடுக்க என்ன இருக்கிறது, பேசிய பேச்சு அப்படி. அவள் படியிறங்கும்போது பின்னாலேயே கட்டில் இறங்கியது.

பூத்தில் மாரிக்கனி அவளைப் பார்த்ததும் சொம்புத் தண்ணீரை நீட்டினாள். "தம்பி வந்துட்டாகளா டீச்சர்?" என்று கேட்டாள். ஞானப்பூ தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். போனை எடுத்து, கருவி இல்லை என்றுதான் இன்னும் சொல்கிறது என்று ஒப்பித்தாள்.

ரூபனுக்கும் கை ஓய்ந்துவிட்டது. "டிரைவே போயிருக்கும்போல டீச்சர். மாத்தித்தான் தரணும்" என்றான். ஞானப்பூ ஒன்றும் பேசவில்லை. ரிசீவரைக் கீழே வைக்கவும் இல்லை. அந்த அமைதி ரூபனைப் பிடுங்கியது. சும்மா இருக்க முடியாமல்தான் கேட்டான்: "கடைசியா ஒரு தடவ டீச்சர். அந்தப் பேரை எப்படி அடிச்சீங்கன்னு ஒவ்வொரு விரலாச் சொல்லுங்க."

ஞானப்பூ ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மாரிக்கனியின் மேஜை மேல் இரண்டு கையையும் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "கேப்ஸ் போட்டாச்சு. எம், வலது ஆள்காட்டி, கீழ் வரிசை. எஸ், இடது மோதிர விரல், நடு வரிசை. சி, இடது நடுவிரல் கீழ. டி, அதே விரல் நடு வரிசைல. சைபர், வலது மோதிர விரல், மேல. திரும்ப அதே விரல். அப்புறம் கேப்ஸை எடுத்துட்டு ஒண்ணு. அதே மோதிர விரல், நடு வரிசை."

கண்ணைத் திறந்தாள்.

"தம்பி, இருக்கியா?"

"டீச்சர், ஒண்ணு நடு வரிசைல எப்படி இருக்கும்? அதுதான் மேல, எண்ணு வரிசைல, இடது ஓரத்துல இருக்கே."

"என் மெஷின்ல ஒண்ணுங்கிற கட்டையே கெடையாது தம்பி. சைபரும் கெடையாது. ரெண்டுலதான் ஆரம்பிக்கும். சின்ன எல் அடிச்சா ஒண்ணு. பெரிய ஓ அடிச்சா சைபர். டைப்ல எல்லாரும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் அங்கே நின்றாள். மேஜை மேல் வலது மோதிர விரல் இன்னும் எல் இருக்கும் இடத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். காகிதத்தில் எல்லும் ஒன்றும் ஒரே மாதிரிக் கோடு. பார்க்கிற மனுஷன் ஒன்று என்றே படித்துக்கொள்வான், இத்தனை வருஷம் எந்தத் தாசில்தாரும் மனுவைத் திருப்பி அனுப்பியதில்லை. பெட்டிக்கு அந்தத் தாட்சண்யம் தெரியாது. நாலு மாச வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் பக்கத்தில் நின்று காட்டிய இடத்தைப் பார்த்துத் தட்டினாள், அதனால் தெரியவில்லை. இன்று பதற்றத்தில் விரல் பழைய வீட்டுக்கே போய்விட்டது. காலையிலிருந்து அவள் அதைத் தப்பே இல்லாமல் தப்பாக அடித்திருக்கிறாள்.

ரூபன் சிரிக்கவில்லை. அது அவனுடைய நல்ல குணம். "வயரெல்லாம் பழையபடி மாட்டிருங்க டீச்சர். அந்தக் கருப்புத் துண்டையும். மேல் வரிசைல பாத்து அடிங்க. விண்டோஸ் ஏற ஆரம்பிச்சா சிடி கவர்ல இருக்கிற நம்பர் கேக்கும், அதுலயும் ஒண்ணு, சைபர் எல்லாம் இருக்கு. இன்னொண்ணு. பாதில உள்ள என்னென்ன இருக்குன்னு தானாத் தேடும். தேடும்போது சவுண்டு கார்டுகிட்ட நின்னாலும் நின்னுரும். ரொம்ப நேரம் அசையலேன்னா பயப்படாம சுவிட்சை அமத்திட்டுத் திரும்பப் போடுங்க. எங்க நின்னுச்சோ அந்த இடத்தை அதுவே தாண்டிப் போயிரும். திரும்ப எங்கிட்டக் கேக்க எறங்கி வர வேண்டாம்."

அவள் ரோட்டைத் தாண்டும்போது வேனில் கட்டில் நின்றுகொண்டிருந்தது. பீரோவைக் கயிறு போட்டு இறக்கிக்கொண்டிருந்தார்கள். படியில் ஒதுங்கி, பீரோவுக்கு வழி விட்டு, மேலே போனாள்.

வயர்களை மாட்டினாள். பெட்டியைப் போட்டு, ஃபிளாப்பி ஓடி முடிகிறவரை காத்திருந்தாள். அந்த மாடியில் முதல் முறையாக விசைப்பலகையைக் குனிந்து பார்த்துக்கொண்டு, ஒற்றை விரலால், கத்துக்குட்டி மாதிரி அடித்தாள். மேல் வரிசை. சைபர். சைபர். ஒன்று. என்டர்.

சிடி டிரைவின் பச்சை விளக்கு மினுக்கியது. பெட்டி அதன் பெயரைச் சொல்லி, இந்தா இருக்கிறது என்று அதைக் கூப்பிட அடையாளமாக ஒரு எழுத்தைக் கொடுத்தது. ஞானப்பூவுக்கு அழுகை முட்டியது. அழ நேரமில்லை.

விண்டோஸ் ஏறத் தொடங்கியது. நம்பரைக் கேட்டது, கொடுத்தாள். திரையில் ஒரு பட்டை இடமிருந்து வலமாக நகர ஆரம்பித்தது. பின் அறையிலிருந்து பாத்திர மூட்டை போயிற்று. பட்டை பாதியைத் தாண்டியது. ஸ்டவ் போயிற்று. பட்டை முக்காலுக்கு வந்து, நின்றது.

அவள் காத்திருந்தாள். பட்டை அசையவில்லை. டிஸ்க் சத்தமும் இல்லை. பின் அறை காலியாகிவிட்டதால் அங்கிருந்து பேச்சு எதிரொலித்தது. யாக்கோபு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான். சத்தம் போடாமல்தான் நின்றான், ஆனால் அவன் மூச்சு அவளுக்குக் கேட்டது.

"நின்னுருச்சாக்கா?"

"பொறு."

"நின்ன மாதிரித்தான் இருக்கு."

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. ரூபன் சொன்னது ஞாபகம் இருந்தது. சொல்வது சுலபம். இவ்வளவு நேரம் உயிரைக் கொடுத்து ஏற்றியதைத் தன் கையாலேயே அணைக்க வேண்டும். தாண்டிப் போகும் என்றான். போகாவிட்டால்? அவன் என்ன கண்டான், காலையிலிருந்து வயரைப் பிடுங்கு, துண்டைப் பிடுங்கு என்றவன்தானே? தாயின் கையில் இருக்கிற பிள்ளையை ஆற்றில் போடு என்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு. கையைச் சுவிட்சில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அமத்தினாள்.

விசிறிச் சத்தம் அடங்கியது. யாக்கோபு பெருமூச்சு விட்டான். அது வருத்தமா நிம்மதியா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. மறுபடி போட்டாள். முதலில் கருப்பு. பிறகு எழுத்து. பிறகு அதே பட்டை, முதலிலிருந்து. பாதிக்கு வந்தது. முக்காலுக்கு வந்தது. நின்ற இடத்துக்கு வந்தது, தயங்கியது, தாண்டியது.

அதற்குப் பிறகு வேனுக்குள் எது போயிற்று என்று ஞானப்பூ பார்க்கவில்லை. பெட்டி இரண்டு முறை தானாக அணைந்து தானாக எழுந்தது. கடைசியில் திரை நீலப்பச்சையாக விரிந்து, ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் நின்றன. எல்லாம் பூதாகாரமாக இருந்தன. நிறமும் மட்டம், சத்தம் சுத்தமாக இல்லை. படத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள டிரைவர்களைத் திங்கட்கிழமை வந்து போட்டுத் தருவதாக ரூபன் முதலிலேயே சொல்லியிருந்தான். ஆனால் ஓடியது. அவள் மவுஸைப் பிடித்து நகர்த்த, அம்பு அவள் சொன்ன இடத்துக்குப் போயிற்று.

"ஓடுது யாக்கோபு" என்றாள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

யாக்கோபு குனிந்து திரையைப் பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். "பெரிய ஆளுக்கா நீ" என்றான். "கெட்டிக்காரிதான். ஏ டிரைவரண்ணே, இதுக்கும் அட்டைப்பெட்டி இருக்கு பாருங்க, பாத்துப் பதனமா ஏத்துங்க." அப்புறம் அவளிடம் சொன்னான்: "நம்ம வீட்ல வச்சுக்கிட்டா பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரியும் ஆச்சு. காரியாபட்டிலயும் நாலு பேரு படிக்க வருவாக."

ஞானப்பூ மவுஸை விட்டுவிட்டு எழுந்தாள்.

"ஓடினா இருன்னு சொன்னியே."

"சொன்னேன். இல்லேங்கல. ஓடும்னு யாருக்கா கண்டா?" அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "வீட்டுக்காரர்ட்ட முந்தா நேத்தே காலி பண்றோம்னு சொல்லிட்டேன். சாமானும் ஏத்தியாச்சு. ஜாய்ஸ் டூட்டிக்கு லீவு சொல்ல முடியாம தவிக்கா. நீ இங்கன ஒத்தையில கெடந்து என்ன பண்ணப் போற?"

காலையிலிருந்து ஏறி இறங்கிய படியெல்லாம் அப்போது மொத்தமாகச் சேர்ந்து முழங்காலில் வலித்தது. பெட்டி ஓடிவிட்டால் அதுவே தன் சார்பாகத் தம்பிக்குப் பதில் சொல்லிவிடும் என்று நினைத்திருந்தாள். வாயைத் திறந்து வர மாட்டேன் என்று சொல்ல வேண்டிய வேலை தனக்கு மிச்சம் என்பது அவளுக்கு இந்த நிமிஷம் வரை தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வது எளிது, அவர்கள் யாரோ. இவன் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை.

"நான் வரல யாக்கோபு."

"அக்கா..."

"பிள்ளைகளப் பாக்க எனக்கு ஆசைதான். லீவுக்கு வாரேன். இப்ப வரல. ஓடினாலும் வரல, ஓடாட்டியும் வந்திருக்க மாட்டேன். அத நான் அன்னைக்கே ஐயர் முன்னால சொல்லிருக்கணும். தலைய ஆட்டிட்டேன், அது என் தப்பு." கையை நீட்டிப் படியைக் காட்டினாள். "வீட்டுக்காரர்ட்ட நீ சொன்னத நீயே போய் மாத்திச் சொல்லு. கட்டிலை எறக்கு. திங்கக்கிழமை பிள்ளைக வருதுக."

டிரைவர் அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாக்கோபு அட்டைப்பெட்டியை வாங்கிச் சுவரோரம் வைத்துவிட்டுக் கீழே போனான். ஸ்டவ் வந்தது. பாத்திர மூட்டை வந்தது. பீரோ படியில் இடித்து, சுவரில் காரை பெயர்ந்தது. கடைசியாகக் கட்டில் வந்தது. அவனே பின் அறையில் போட்டு, மெத்தையை விரித்து, தலைமாட்டைச் சரி பண்ணினான்.

வாரேன்க்கா என்று சொல்லாமல் அவன் படியிறங்கிப் போனான். பிறந்ததிலிருந்து அவன் அப்படிப் போனதில்லை. வேன் தாலுகா ஆபீஸ் முனையில் திரும்பி மறைகிறவரை அவள் மாடியில் நின்றாள்.

பிறகு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரை நீலப்பச்சையாக எரிந்துகொண்டே இருந்தது. சுவிட்சை அமத்தப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். விண்டோஸை ஓடும்போது அப்படியே அணைக்கக் கூடாது, அதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். என்ன முறை என்று இப்போது எவ்வளவு யோசித்தும் தலையில் வரவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி படியிறங்கினாள்.

மாரிக்கனி அவள் கண்ணைப் பார்த்துப் பதறிப்போனாள். "என்ன டீச்சர், திரும்ப நின்னுருச்சா?"

"இல்ல மாரிக்கனி, ஓடுது" என்றாள் ஞானப்பூ. சொன்னதுதான் தாமதம், அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. பூத்து ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "ரூபனுக்கு ஒரு போன் போடு. எப்படி நிறுத்தணும்னு கேக்கணும்" என்றாள்.